கால்குலேட்டரைப் பூட்டி வைத்தால் கணக்கு வந்துவிடுமா?

ஒரு தகப்பனாரின் கேள்வி, ஜூன் 11

மகள் ஏழாம் வகுப்பு. 8 × 7 என்று கேட்டால்கூடக் கை கால்குலேட்டரைத் தேடுகிறது. கொஞ்சம் அதட்டினால் "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்று சொல்லி நோட்டை மூடிவிடுகிறாள். கால்குலேட்டரைப் பூட்டி வைத்துவிட்டு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைத்தால் ஆறு மாதத்தில் தேறிவிடுவாள் என்பது என் எண்ணம். தவறு என்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு

பூட்ட வேண்டாம். நான் பூட்டிப் பார்த்தவன்.

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். முதல் எட்டு வருடம் என் வகுப்புக்குள் கால்குலேட்டருக்கு இடமில்லை. நன்றாகப் போடும் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. தடுமாறுகிற பிள்ளைகள் அதற்கு முன்னால் தப்பாகவாவது எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள்; தடை வந்த பிறகு பக்கத்தை வெறுமையாக விட்டார்கள். தப்பான விடை இருந்தால் எந்தப் படியில் சறுக்கினார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். வெற்றுப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. கை கால்குலேட்டரைத் தேடுகிறது என்பது ஒன்று. "வராதுப்பா" என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது.

ஜூன் 12

காரணத்தோடு சொல்லச் சொன்னீர்கள். சரி, ஆராய்ச்சிப் பக்கம் போவோம்.

ஹெம்ப்ரீ, டெசார்ட் என்ற இருவர் 1986இல் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடத்தோடு கால்குலேட்டரையும் சேர்த்துக்கொண்ட மாணவர்களுக்குக் கையால் கணக்குப் போடும் திறன் குறையவில்லை. கணக்கின் மேல் இருந்த மனப்பான்மையும், தன்னால் முடியும் என்ற எண்ணமும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. 2003இல் எலிங்டன் 54 ஆய்வுகளை வைத்து மறுபடி பார்த்தார். பாடத்திலும் தேர்விலும் கால்குலேட்டர் இருந்தால் கணக்குப் போடும் திறனும் வாக்கியக் கணக்குகளைத் தீர்க்கும் திறனும் கூடின. பாடத்தில் கொடுத்துவிட்டுத் தேர்வில் எடுத்துவிட்டாலும் கெடுதல் தெரியவில்லை. மனப்பான்மை விஷயத்தில் அவருக்கும் கிட்டத்தட்ட அதே முடிவுதான்.

"கால்குலேட்டர் மூளையை மழுங்கடிக்கும்" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 14

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். விட்டது சரியில்லை.

அதே 1986 ஆய்வில் நான்காம் வகுப்பு மட்டும் விலக்கு. அந்த வயதில் தொடர்ந்து கால்குலேட்டர் பயன்படுத்திய சராசரி மாணவர்களுக்கு அடிப்படைத் திறன் வளர்வது தடைப்பட்டதாகவே அவர்கள் கண்டார்கள். பெருக்கலும் வகுத்தலும் கைக்குள் வந்து படிகிற வயது அது.

இன்னொன்றும் உண்டு. 2008இல் ரிட்டில்-ஜான்சனும் அவருடைய சக ஆய்வாளரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெருக்கல் கணக்குகளோடு உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் தாங்களே விடை கண்டுபிடிக்க வேண்டும். மறு பக்கம் கால்குலேட்டரில் பார்த்துப் படிக்க வேண்டும். வாய்ப்பாடு ஓரளவு தெரிந்த பிள்ளைகளுக்கு எப்படிப் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தெரியாத பிள்ளைகளுக்குத் தாங்களே முட்டி மோதிக் கண்டுபிடித்ததுதான் உதவியது.

ஆகவே உங்கள் பயத்தில் பாதி நியாயம். 8 × 7 அவளுக்குள் இருந்தாக வேண்டும். ஆனால் அதட்டி ஒப்பிக்க வைத்து உள்ளே போகாது. எட்டைந்து நாற்பது அவளுக்குத் தெரியும், எட்டிரண்டு பதினாறும் தெரியும். இரண்டையும் சேர்க்க விடுங்கள். 56 வந்து நிற்கும்போது அது அவள் கட்டிய 56.

ஜூன் 14, சற்றுப் பின்

"தெரியாத பிள்ளைக்குத்தானே கால்குலேட்டர் அதிகம் தேவை?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. வாய்ப்பாடு படிக்கும் நேரத்தில் வேண்டாம். வட்டிக் கணக்கில் எதை எதால் பெருக்குவது என்று யோசிக்கும் நேரத்தில் கொடுங்கள். வாய்ப்பாடு வரவில்லை என்பதற்காக அவன் வட்டியைப் புரிந்துகொள்வதையும் தள்ளிப்போட்டால், ஒரு பள்ளத்தை நிரப்பும்வரை அடுத்த பள்ளம் தோண்டிக்கொண்டே இருப்போம்.

ஜூன் 19

கால்குலேட்டரைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றிய கணக்கு இது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில், நாடு தழுவிய ஒரு மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு பேருந்தில் 36 படைவீரர்கள் ஏறலாம். 1128 பேரை அழைத்துப்போக எத்தனை பேருந்து வேண்டும்?

70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே போட்டார்கள். 1128ஐ 36ஆல் வகுத்தால் ஈவு 31, மீதி 12. விடையாக 32 பேருந்து என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்றே எழுதினார்கள். 18 சதவீதம் 31 என்று எழுதி, பன்னிரண்டு பேரைச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள்.

கையால் வகுத்த பிள்ளைகள் இவர்கள். நாம் பாதுகாக்கத் துடிக்கிற அந்தக் கைத்திறன் அவர்களிடம் இருந்தது. இருந்தும் "மீதி 12" பேருந்தில் யாரும் ஏற முடியாது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கால்குலேட்டரில் போட்டிருந்தால் 31.333 என்று வந்திருக்கும். அதையும் அப்படியே எழுதியிருப்பார்கள்.

இந்தக் கணக்கை என் வகுப்பிலும் கொடுத்தேன், எண்களை மட்டும் மாற்றி. "மீதி 4" என்று எழுதிய பையனிடம் "அந்த நாலு பேர் எப்படிப் போவார்கள்?" என்று கேட்டேன். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சார், நீங்க கணக்குதானே கேட்டீங்க?"

அவனைப் பொறுத்தவரை கணக்கு என்பது ஒரு சடங்கு. நிஜமான பேருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவன் அப்படி நினைத்ததற்குக் கால்குலேட்டரைக் குறை சொல்ல முடியுமா? நாங்கள் சொல்லிக்கொடுத்த விதம்தான் அது.

ஜூன் 20

மனப்பான்மை என்று நான் சொல்வது இதைத்தான். பிடிக்கும், பிடிக்காது என்பது அதில் ஒரு ஓரம். விடைக்கு அர்த்தம் இருக்க வேண்டும், அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று பிள்ளை நம்புகிறதா என்பதே பெரிய பங்கு.

ஜூன் 27

ஒரு பொறியாளர் ஸ்லைடு ரூல் காலத்தை, அதாவது நகரும் அளவுகோலை வைத்துப் பெருக்கி வகுத்த காலத்தை, நினைவுபடுத்தினார். நன்றி, நல்ல இடத்தைத் தொட்டுவிட்டார்.

1972இல் எச்பி-35 என்ற கையடக்க அறிவியல் கால்குலேட்டர் வந்த சில வருடங்களில் ஸ்லைடு ரூல் மறைந்துபோனது. அந்த அளவுகோல் இலக்கங்களை மட்டும்தான் காட்டும், புள்ளியை எங்கே வைப்பது என்று சொல்லாது. 2.7 × 3.1 போட்டாலும் 27 × 310 போட்டாலும் குறி ஒரே இடத்தில்தான் நிற்கும். அது 8.37ஆ, 8370ஆ என்று தெரிய வேண்டுமானால், உத்தேசமாக எவ்வளவு வரும் என்று ஆளே முதலில் யோசித்தாக வேண்டும். யோசிக்காமல் அதைப் பயன்படுத்தவே வழியில்லை.

கால்குலேட்டர் புள்ளியையும் வைத்துக் கொடுத்துவிடுகிறது. பயன்படுத்துகிறவரிடம் இருந்து நழுவிப்போனது உத்தேசம்தான். பெருக்கல் இன்னும் இருக்கிறது, திரும்பச் சொல்லிக்கொடுத்துவிடலாம். உத்தேசம் போனால் வருவது இப்படி இருக்கும்: பட்டத்தின் கயிறு 20 மீட்டர், தரையோடு 30 டிகிரி கோணம், பட்டம் எவ்வளவு உயரம்? 10 மீட்டர். கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருந்ததைக் கவனிக்காமல் என் மாணவி ஒருத்தி -19.76 மீட்டர் என்று எழுதினாள். பட்டம் பூமிக்கு அடியில் பறக்கிறது. புத்திசாலிப் பெண். திரையில் வந்த எண்ணைச் சந்தேகிக்கலாம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை, நான் உட்பட.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரே ஒரு விதி. பொத்தானைத் தொடும் முன்னால் உத்தேச விடையைப் பென்சிலில் எழுத வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 28

தகப்பனாருக்கு: இந்த விதியை மட்டும் முயன்று பாருங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

ஜூலை 2

பிடித்தால் மதிப்பெண் தானாக வரும், ஆகவே முதலில் கணக்கைப் பிடிக்க வைக்க வேண்டும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பிடிக்காத வேலையை யார் நன்றாகச் செய்வார்கள்?

ஜூலை 5

மூன்று நாளாக மேலே எழுதியது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மா, கிஷோர் இருவரும் 1997இல் 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனப்பான்மைக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பின் சராசரி அளவு 0.12தான். தொடர்பு உண்டு, ஆனால் மெல்லிய நூல். எது முதலில் என்பது அடுத்த கேள்வி. 2004இல் மாவும் ஷூவும் ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே மாணவர்களைத் தொடர்ந்த அமெரிக்கத் தரவுகளைப் பார்த்தார்கள். முதலில் தேர்ச்சி குறைகிறது, அப்புறம் பயம் ஏறுகிறது. அந்தத் திசை தெளிவாகத் தெரிந்தது. முதலில் பயம், அதனால் தேர்ச்சி குறைவு என்ற எதிர்த் திசை அவ்வளவாகத் தெரியவில்லை.

டிம்ஸ் என்ற, பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு, அறிவியல் தேர்ச்சியைப் பார்க்கும் சர்வதேச ஒப்பீடு 1995இலிருந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அதிலும் ஒரு புதிர் இருக்கிறது. எந்த ஒரு நாட்டுக்குள் பார்த்தாலும் தன்னம்பிக்கை உள்ள பிள்ளைகளே அதிகம் எடுக்கிறார்கள். நாடுகளை ஒப்பிட்டால் முன்வரிசையில் இருக்கும் ஜப்பான், கொரியா பிள்ளைகள் தங்களுக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்கிறார்கள்.

"முதலில் பிடிக்க வைப்போம்" என்று ஆட்டம் பாட்டத்தோடு நான் நடத்திய வகுப்புகள் நினைவுக்கு வருகின்றன. அன்றைக்குச் சிரித்தார்கள். அடுத்த தேர்வில் பின்னத்தில் விழுந்தார்கள், திரும்பவும் "வராது" என்றார்கள். பிடிப்பு வந்தது வேறு வழியாக: ஒரு கணக்கு, தானாகப் போட்டது, சரியாக வந்தது, ஏன் சரி என்றும் புரிந்தது. அப்படி ஒன்று நடந்த மறுநாள் அதே பிள்ளை கையைத் தூக்குகிறது.

ஆகவே ஜூலை 2 குறிப்பைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 6

முழுக்கத் தலைகீழ் என்றும் சொல்ல முடியாது. பயம் வந்துவிட்ட பிறகு அது சும்மா இருப்பதில்லை. ஆஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் 2001இல் காட்டியது: கணக்குப் பயம் உள்ளவர்களுக்கு, கணக்குப் போடும் அந்த நேரத்தில், மனதில் எண்களைப் பிடித்துவைக்கும் இடம் குறைந்துவிடுகிறது. சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே கூட்டல் போடச் சொன்னார்கள். மேலே ஏற்ற வேண்டிய எண் உள்ள கூட்டல் வந்தவுடன் பயந்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள். ஏற்ற வேண்டிய 1 இருக்க வேண்டிய இடத்தில் கவலை உட்கார்ந்திருக்கிறது.

அதட்டிக் கேட்ட 8 × 7 உங்கள் மகளுக்கு ஏன் வருவதில்லை என்பது இப்போது புரிகிறதா? அவளுக்கு 56 தெரிந்தேகூட இருக்கலாம்.

ஜூலை 6, இரவு

மேலே உள்ள கடைசி வரிகளைக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். மன்னியுங்கள். நீங்கள் அக்கறையில்தான் அதட்டுகிறீர்கள் என்று தெரியும். என் அப்பாவும் அப்படித்தான்.

ஜூலை 8

அம்மாக்கள், அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஃபென்னிமாவும் ஷெர்மனும் 1976இல் கணக்கு மனப்பான்மையை அளக்க ஒன்பது அளவுகோல்கள் தயாரித்தார்கள். அதில் அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று தனித்தனியாக இருக்கிறது. பிள்ளையின் மனப்பான்மை அதன் தலைக்குள் தனியாக முளைப்பதில்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தது.

மலோனியும் குழுவினரும் 2015இல் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது இன்னும் நெருக்கமானது. தங்களுக்கே கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, அந்தப் பிள்ளைகள் வருடம் முழுவதும் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. அடிக்கடி உதவாத வீடுகளில் அப்படி இல்லை.

"எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது, கவலைப்படாதே" என்று ஆறுதலாகச் சொல்கிறோம். பிள்ளை காதில் அது "நம்ம ரத்தத்திலேயே இல்லை" என்று விழுகிறது. சொல்லாதீர்கள்.

ஜூலை 20

தகப்பனார் எழுதியிருக்கிறார். பென்சில் உத்தேசத்துக்கு முதல் வாரம் அழுகை. இரண்டாம் வாரம் எல்லாவற்றுக்கும் 100 என்று எழுதினாள். மூன்றாம் வாரம் "இது 100 இருக்காது" என்று தானே அழித்திருக்கிறாள்.

அந்த அழிப்பானுக்காகத்தான் இவ்வளவும்!

அடுத்ததற்கு இரண்டு விளையாட்டு சொல்கிறேன். இரண்டுக்கும் கால்குலேட்டர் வேண்டும்.

முதலாவது, பழுதான பொத்தான். 8 வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு 38 × 5 கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 40 × 5 போட்டு 10 கழிக்கலாம். 19 × 10 என்றும் போகலாம். எந்த வழி என்று நீங்கள் சொல்லவே கூடாது.

இரண்டாவது, 37ஐ எதால் பெருக்கினால் 100 வரும்? வகுக்கும் பொத்தானைத் தொடக்கூடாது, பெருக்கிப் பெருக்கியே நெருங்க வேண்டும். 3 அதிகம், 2 குறைவு. 2.7 போட்டால் 99.9. 2.703 தாண்டிவிடும், 2.702 பத்தாது. 2.7க்கும் 2.8க்கும் நடுவே இவ்வளவு எண்கள் இருக்கின்றனவா என்று என் மாணவன் ஒருவன் கண்ணை அகல விரித்தது இந்த விளையாட்டில்தான். பிறகு 250இல் தொடங்கி 100ஐப் பிடிக்கச் சொல்லுங்கள். பெருக்கினால் எண் பெரிதாகும் என்று சின்ன வகுப்பிலிருந்து ஊறிப்போன நம்பிக்கை அங்கே உடையும். கையால் போட்டால் ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம், நாலாவது முயற்சியில் பிள்ளை சோர்ந்துவிடும். கால்குலேட்டரில் இருபது முயற்சி. இந்த இருபதுக்காகத்தான் அதைப் பூட்ட வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 3

"கால்குலேட்டர் போதுமே, நீள வகுத்தல் எதற்கு?" என்று மறுபக்கத்திலிருந்து ஒரு கேள்வி. இதற்கும் நான் உடன்பட மாட்டேன்.

1 ÷ 17 போட்டுப் பாருங்கள். பத்து இலக்கத் திரையில் 0.0588235294 என்று வரும். இது மீள்கிறதா, எங்கே மீள்கிறது என்று திரை சொல்லாது; இடம் தீர்ந்துவிட்டது. தாளில் வகுத்தால் மீதி 1 முதல் 16 வரைதான் வர முடியும், ஆகவே அதிகபட்சம் பதினாறு படியில் ஏதோ ஒரு மீதி திரும்பி வந்தே தீரும் என்று கண்முன்னே தெரியும். பதினாறும் எடுத்துக்கொள்கிறது: 0588235294117647. மீண்டும் 0588.

கால்குலேட்டர் மீதியைக் காட்டுவதில்லை. காரணம் மீதியில்தான் ஒளிந்திருக்கிறது. நூறு நீள வகுத்தல் வேண்டாம், இப்படி நாலு போதும்.

ஆகஸ்ட் 4

எல்லாக் கால்குலேட்டரும் ஒன்றே என்றும் நினைக்க வேண்டாம். 2 + 3 × 4 என்று வரிசையாக அழுத்தினால் அறிவியல் கால்குலேட்டர் 14 தரும், பல சாதாரணக் கால்குலேட்டர்கள் 20 தரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "எது சரி, ஏன்?" என்று கேட்டேன். அரை மணி நேரம் வகுப்பு ஓய்வில்லாமல் வாதாடியது. செயல்களின் வரிசையை அதைவிட நன்றாக நான் ஒருபோதும் நடத்தியதில்லை.

செப்டம்பர் 14

தகப்பனாரின் செய்தி: காலாண்டுத் தேர்வில் பெரிய ஏற்றம் இல்லை, நாலு மதிப்பெண்தான் கூட. ஆனால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடவில்லை. 8 × 7க்குக் கை இப்போது கால்குலேட்டருக்குப் போவதில்லை, 6 × 9க்கு இன்னும் போகிறது.

நாலு மதிப்பெண் என்று சொல்லி வருத்தப்படாதீர்கள். நான் பார்த்திருந்தால் முதலில் விடைத்தாளில் எல்லாப் பக்கமும் நிரம்பியிருக்கிறதா என்றுதான் புரட்டியிருப்பேன். 6 × 9க்கு ஆறுபத்து அறுபதிலிருந்து ஒரு ஆறைக் கழிக்கச் சொல்லுங்கள்.

அக்டோபர் 2

இந்த முறை கேள்வி மகளுடையது, அப்பா எழுதி அனுப்பியிருக்கிறார். ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வர்க்கமூலப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் 1இல் வந்து நிற்கிறது. 5000 போட்டாலும் 1. 0.5 போட்டாலும் 1. ஏன்?

கண்ணு, நல்ல கேள்வி. 1ஐவிடப் பெரிய எண்ணின் வர்க்கமூலம் அந்த எண்ணைவிடச் சிறியது, ஆனால் 1க்குக் கீழே இறங்காது. 1ஐவிடச் சிறிய எண்ணுக்கு நேர்மாறு: 0.5 போட்டால் 0.7071, அடுத்து 0.8409, ஏறிக்கொண்டே வரும். 1க்குப் பக்கத்தில் வந்த பிறகு ஒவ்வொரு அழுத்தலிலும் மீதித் தூரம் ஏறக்குறையப் பாதியாகும். 1.0004 போட்டுப் பார், 1.0002க்கு மிக அருகில் வரும். திரையில் இலக்கம் தீரும்வரை இப்படியே பாதி பாதியாகப் போய் 1 ஆகிவிடுகிறது.

குறை எண்களை விட்டுவிட்டால், ஒரே ஒரு எண் மட்டும் இப்படி 1க்கு வராது. அது எது என்று முதலில் பென்சிலில் எழுது, அப்புறம் அழுத்து.